பழங்காலக் கல்லூரிகளைப் படிக்கத் தொடங்குகிறீர்களா? நெல் கணக்கில் ஆரம்பியுங்கள்

பழைய இந்தியாவின் உயர்கல்வியைப் பற்றித் தெரிந்துகொள்ளப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் நாளந்தாவில் ஆரம்பிப்பார்கள். பத்தாயிரம் மாணவர்கள், ஒன்பது மாடி நூலகம், மாதக்கணக்கில் எரிந்த தீ என்று நாலு வரி கிடைக்கும். படிக்கப் பெருமையாக இருக்கும். வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு அதோடு விட்டுவிடுவார்கள்.

அதற்கு மேலே போக நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை. என் யோசனை ஒன்றுதான்: எந்தப் பழங்காலக் கல்விக்கூடத்தை எடுத்தாலும், அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று முதலில் கேட்காதீர்கள். அங்கே படித்தவனுக்குச் சோறு போட்டது யார் என்று கேளுங்கள். கல்வெட்டும் செப்பேடும் பாடத்திட்டத்தை விளக்க வெட்டப்பட்டவை அல்ல. யார் நிலம் கொடுத்தார், யாருக்கு எத்தனை நாழி நெல் என்று பதிவதற்காக வெட்டப்பட்டவை. படிப்பைப் பற்றிய செய்தி அந்தக் கணக்கின் ஊடேதான் வருகிறது.

படி 1: எந்த மாதிரி இடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தட்சசீலம், நாளந்தா, தமிழ்நாட்டில் எண்ணாயிரம் என்ற ஊரில் இருந்த கல்லூரி எல்லாவற்றையும் "பல்கலைக்கழகம்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். மூன்றும் மூன்று விதம்.

தட்சசீலம் இப்போது பாகிஸ்தானில், ராவல்பிண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தொல்லியலாளர் ஜான் மார்ஷல் 1913 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே தோண்டினார். நகரங்கள் கிடைத்தன, ஸ்தூபிகளும் மடங்களும் கிடைத்தன. ஜாதகக் கதைகள் (புத்தரின் முற்பிறப்புக் கதைகள்) சொல்லும் காலத்துக்கு உரிய கல்லூரிக் கட்டடம் என்று எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததில் ஆச்சரியமும் இல்லை. அங்கே இருந்தவர்கள் தனித்தனி ஆசிரியர்கள், படிப்பு நடந்தது அவரவர் வீட்டில். காசி இளவரசன் ஒருவன் ஆயிரம் காசோடு தட்சசீலம் போய்ச் சேரும் ஜாதகக் கதை ஒன்று உண்டு. ஆசிரியர் அவனிடம் முதலில் கேட்பதே, கட்டணம் கொண்டுவந்திருக்கிறாயா, இல்லை வேலை செய்து படிக்கப்போகிறாயா என்பதுதான். பணம் கொடுத்தவன் வீட்டுப் பிள்ளை மாதிரி இருப்பான். கொடுக்க முடியாதவன் பகலில் ஆசிரியருக்கு வேலை செய்வான், இரவில் பாடம் கேட்பான். கதைதான், ஆனால் இந்த ஏற்பாடு ஜாதகங்களில் திரும்பத் திரும்ப வருவதால் நம்பலாம்.

நாளந்தாவில் மாணவன் பணம் கொடுக்கவில்லை. அது பௌத்த மடம், கிராமங்களின் வருவாயில் நடந்தது. சோழர் காலத்துக் கல்லூரிகள் கோயிலையும் ஊர்ச்சபையையும் ஒட்டியவை, குறிப்பிட்ட நிலத்தின் விளைச்சலில் நடந்தவை. காலத்தால் இவை ரொம்பப் பிந்தியவை என்றாலும், கணக்கு முழுசாகக் கிடைப்பது இங்கேதான்.

படி 2: எண்ணைப் பார்த்ததும் சொன்னவர் யார் என்று பாருங்கள்

நாளந்தாவின் "பத்தாயிரம்" பயிற்சிக்கு ஏற்ற எண். 7ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கிப் படித்த சீனத் துறவி யுவான் சுவாங் தம் சொந்தப் பயணக் குறிப்பில் பல ஆயிரம் துறவிகள் என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடுகிறார். பத்தாயிரம் என்று எழுதியவர் அவருடைய மாணவர் ஹுய் லி, குருவின் வாழ்க்கை வரலாற்றில். அவர் நாளந்தாவைப் பார்த்தவர் அல்லர். யுவான் சுவாங்குக்குச் சில பத்தாண்டுகள் கழித்துப் போய், அங்கேயே சுமார் பத்து ஆண்டு இருந்த இன்னொரு சீனத் துறவி இத்சிங், மூவாயிரத்துக்கு மேல் என்கிறார். எட்டு மண்டபம், முந்நூறு அறை என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

எதை எடுப்பது? நான் இத்சிங் பக்கம். அவர் எழுதியது மடத்து ஒழுங்குகளைப் பற்றி. எப்போது குளிப்பது, எப்படிச் சாப்பிடுவது, நேரம் பார்க்கும் நீர்க்கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று சின்னச் சின்ன விஷயங்களில் அக்கறை உள்ளவர். நாளந்தாவைச் சுற்றிப் பத்துக்கு மேல் பெரிய குளங்கள், காலையில் மணி அடித்ததும் துறவிகள் குளியல் துணியை எடுத்துக்கொண்டு நூறு பேராகவும் ஆயிரம் பேராகவும் கிளம்புவார்கள் என்று எழுதியிருக்கிறார். இப்படிப் பார்த்து எழுதுகிறவரின் எண்ணுக்கு எடை அதிகம். குருவைக் கொண்டாட எழுதியவரின் எண்ணில் கொஞ்சம் பெருமிதம் கலந்திருக்கும், அது இயல்புதான்.

ஆனால் ஹுய் லியை ஒதுக்கிவிடாதீர்கள். சோற்றுக் கணக்கு அவரிடம்தான் இருக்கிறது. மடத்துக்கு நூறு கிராமம், அந்தக் கிராமங்களின் இருநூறு குடும்பங்கள் தினமும் அரிசியும் வெண்ணெயும் பாலும் கொண்டுவரும் என்கிறார். (கிராமங்கள் இருநூறுக்கு மேல் என்பது இத்சிங் கணக்கு.) யுவான் சுவாங்குக்கு மட்டும் தனிப்படி: தினமும் 120 ஜம்பீரப் பழம் (ஒரு வகை எலுமிச்சை), 20 கொட்டைப் பாக்கு, 20 ஜாதிக்காய், கொஞ்சம் கற்பூரம், அப்புறம் மகாசாலி அரிசி. அந்த அரிசி பெரிதாக, மணமாக இருக்கும், மகதத்தில் மட்டுமே விளையும், அரசருக்கும் பெரிய அறிஞர்களுக்கும்தான் கிடைக்கும் என்று குறிப்பு வேறு. பிச்சையெடுத்து உண்ண வேண்டிய துறவிக்கு இவ்வளவு என்றால், கல்விக்கு அங்கே இருந்த மதிப்பு புரிகிறது. மற்ற துறவிகளுக்கும் இதே சாப்பாடு என்று நினைத்துவிட வேண்டாம்.

வாசலிலேயே நடக்கும் தேர்வைப் பற்றியும் எல்லோரும் எழுதுவார்கள். வெளியூரிலிருந்து வாதத்தில் கலந்துகொள்ள வருகிறவர்களிடம் வாயிலில் கேள்வி கேட்பார்கள், பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள் என்பது யுவான் சுவாங் தரும் செய்தி. அந்த விகிதத்தை ஒட்டுமொத்த மாணவர் சேர்க்கைக்கும் நீட்டக் கூடாது.

தமிழ் வாசகர் ஒரு பெயரைக் குறித்துக்கொள்ளலாம். யுவான் சுவாங்கின் ஆசிரியர் சீலபத்திரர். அவருடைய ஆசிரியர் தர்மபாலர், நாளந்தாவின் தலைவராக இருந்தவர், காஞ்சிபுரத்துக்காரர்.

படி 3: ஒரே ஒரு கல்வெட்டை எடுத்து முழுசாகக் கணக்குப் போடுங்கள்

பத்துப் புத்தகம் படிப்பதைவிட இதில் அதிகம் தெரிந்துகொள்வீர்கள். நான் பரிந்துரைப்பது எண்ணாயிரம். விழுப்புரம் மாவட்டத்து ஊர். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், 1025 வாக்கில், அதன் பெயர் ராஜராஜச் சதுர்வேதிமங்கலம். அங்கேயுள்ள பெருமாள் கோயில் கல்வெட்டு, 1917ஆம் ஆண்டு கல்வெட்டு அறிக்கையில் 333ஆம் எண்.

ஒரு தாளை எடுத்து இளைய மாணவர்களை முதலில் எழுதுங்கள். ரிக் வேதம் 75, யஜுர் வேதம் 75, வாஜசனேயம் 20, சாந்தோக்ய சாமம் 20, தலவகார சாமம் 20, அதர்வம் 10, பௌதாயன சூத்திரங்கள் 10, ரூபாவதாரம் என்ற இலக்கணம் 40. மொத்தம் 270. அடுத்து மூத்த மாணவர்கள்: வியாகரணம் (இலக்கணம்) 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10. ஆக 70. இரண்டும் சேர்ந்து 340. ஆசிரியர்கள் 14 பேர்.

இப்போது நெல். இளையவருக்கு நாள் ஒன்றுக்கு 6 நாழி. மூத்தவருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம் என்ற வாய்பாடு கையில் இருக்கட்டும். மூத்தவருக்கு 10 நாழி ஆகிறது. 270 பேருக்கு 6 வீதம் 1,620 நாழி. 70 பேருக்கு 10 வீதம் 700 நாழி. கூட்டினால் 2,320. கலத்துக்கு 96 நாழி என்று வகுத்தால் தினம் 24 கலம், மேலே 2 குறுணி. மாணவர்களுக்கு மட்டுமே இவ்வளவு. ஆசிரியர் பங்கு தனி.

இது நெல், அரிசி இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். சோழர் காலக் கோயில் கணக்குகளில் அஞ்சுக்கு இரண்டு என்பது வழக்கமான விகிதம், அதாவது ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி. அதன்படி மூத்த மாணவருக்கு 4 நாழி அரிசி. ஒருவர் ஒரு நாளில் தின்று தீர்க்கும் அளவாகத் தெரியவில்லை. மோர், உப்பு, விறகு எல்லாம் இதிலிருந்தே வந்திருக்கும் என்பது என் ஊகம். தினப்படியாகக் கொடுத்த நெல் அந்தக் காலத்தில் காசு மாதிரியும் புழங்கியது.

இவ்வளவுக்கும் வேண்டிய நெல் எங்கிருந்து வந்தது? இதற்கென்று ஒதுக்கிய 45 வேலி நிலத்திலிருந்து. ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு என்றால், சுமார் 300 ஏக்கர். 340 மாணவருக்கு 300 ஏக்கர்! இந்த ஒப்பீட்டை மனதில் வைத்துக்கொண்டு நாளந்தாவின் இருநூறு கிராமத்தைத் திரும்பப் பாருங்கள், மூவாயிரம் பேர் என்பது நடக்கக்கூடிய எண்ணாகத் தெரியும்.

கணக்கு முடிந்த பிறகுதான் பாடத்திட்டம் கண்ணில் படும். வேதாந்தம் பத்துப் பேர், மீமாம்சை அதைப்போல மூன்றரை மடங்கு. வேதாந்தம்தான் அந்தக் கால உயர்கல்வியின் உச்சி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, எண்ணாயிரத்துச் சபை சடங்கு விதிகளை ஆராய்வதற்குக் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறது. ரூபாவதாரம் இன்னொரு வேடிக்கை. பாணினியின் சூத்திரங்களை எளிதாகப் படிக்கும்படி வரிசை மாற்றி அமைத்த அந்த நூலை எழுதிய தர்மகீர்த்தி ஒரு பௌத்தர் (தருக்க நூல்கள் எழுதிய தர்மகீர்த்தி வேறு). வேதம் ஓதும் பிள்ளைகள் பௌத்தர் எழுதிய இலக்கணத்தில் நாற்பது பேராக உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல பாடநூல் என்றால் யார் எழுதினால் என்ன என்று இருந்திருக்கிறார்கள் போல.

இந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால், அடுத்து திருபுவனைக் கல்வெட்டு. புதுச்சேரிப் பகுதியில் உள்ள ஊர், 1048ஆம் ஆண்டு, 260 மாணவர், 12 ஆசிரியர். இவர்களுக்கு ஊர் வாரியப் பணிகளிலிருந்து விலக்கும் உண்டு. எண்ணாயிரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

படி 4: தேடும்போது எந்தச் சொல்லைத் தேடுவது

மின்னூலகத்தில் "பல்கலைக்கழகம்" என்று தேடினால் இந்தக் காலத்துக் கட்டுரைகள்தான் வந்து விழும். கல்வெட்டு அட்டவணைகளில் பார்க்க வேண்டியவை: கடிகை, சாலை, வித்யாஸ்தானம் (மூன்றும் கல்விக்கூடத்தைக் குறிக்கும்), சட்டர் (மூத்த மாணவர்), கிடை (வேதம் ஓதுவோர் குழு), பட்டவிருத்தி, சாலாபோகம். கடைசி இரண்டும் நில ஒதுக்கீட்டின் பெயர்கள், நம் நெல் கணக்குக்கு அவைதான் நேர் வழி. ஒரு எச்சரிக்கை: சாலை என்றதும் கல்லூரி என்று முடிவு கட்டாதீர்கள். வெறும் அன்னசாலையாகவும் இருக்கலாம். யாருக்குச் சோறு என்ற வரியைத் தேடிப் பிடித்தால் தெரிந்துவிடும்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலும் தொடங்கலாம். ஆண்டறிக்கைகளில் சுருக்கம்தான் இருக்கும், மூலத்தின் முழு வாசகம் தொகுதிகளில்.

படி 5: விடுதிக்குள் எட்டிப் பாருங்கள்

பாடத்தையும் நெல்லையும் பார்த்தாயிற்று. மாணவன் எப்படி வாழ்ந்தான்? இதற்குத் திருமுக்கூடல் கல்வெட்டு போல இன்னொன்று இல்லை. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம், காஞ்சிபுரம் மாவட்டம். வீரராஜேந்திரன் காலம், 1067 வாக்கு. கல்லூரியில் ரிக், யஜுர், வியாகரணம் எல்லாம் உண்டு, பாஞ்சராத்திரம் என்ற வைணவ ஆகமமும் உண்டு. கல்லூரியும் விடுதியுமாக அறுபது பேருக்குச் சோறு. படுக்கப் பாய், இரவில் விளக்கு, சனிக்கிழமை தோறும் தலைக்கு எண்ணெய். எண்ணெய்க்குளியலைக் கல்லில் வெட்டிவைத்த நிர்வாகம் அது!

அதே கல்வெட்டில் வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கை கொண்ட ஆதுலசாலையும் (மருத்துவமனையும்) வருகிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், நாவிதர். இருப்பில் இருந்த மருந்துகளின் பட்டியலும் இருக்கிறது: வாசாஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி, பிராம்மியம் கடும்பூரி இப்படி. சித்த, ஆயுர்வேத மருந்துக்கடைப் பக்கம் போய்ப் பழகியவர்களுக்கு இதில் சில பெயர்கள் இன்றும் காதில் விழும்.

விதிமுறைகள் வேண்டுமானால் தெற்கே போக வேண்டும். இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் ஒரு சாலை வைத்தான், காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு. 95 சட்டர்களுக்கு இடம். ஒருவரையொருவர் ஏசினால் அபராதம், அடித்தால் அபராதம், ஆயுதத்தோடு வரக் கூடாது, மடத்தில் பணிப்பெண் வைத்துக்கொள்ளக் கூடாது என்று செப்பேடு அடுக்கிக்கொண்டே போகிறது. நடக்காததைத் தடை செய்ய யாரும் செப்பேடு வெட்ட மாட்டார்கள். மாணவர்கள் என்றால் எந்தக் காலத்திலும் மாணவர்கள்தான்.

படி 6: பட்டியலில் இல்லாதவர்களையும் எழுதுங்கள்

உங்கள் தாளில் இன்னொரு பத்தி ஒதுக்குங்கள். எண்ணாயிரத்து 340 பேரில் பெண் இல்லை. வேதக் கல்லூரி என்பதால் பிராமணர் அல்லாதவருக்கும் இடமில்லை. 45 வேலியில் உழுதவன் வீட்டுப் பிள்ளை அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. தமிழுக்கு அந்தப் பாடத்திட்டத்தில் இடம் கிடையாது. திருவாய்மொழி ஓதுவோருக்கு அதே கோயிலில் பங்கு உண்டு, ஆனால் அது வழிபாட்டுக் கணக்கு. தச்சு, வார்ப்பு, கட்டடக்கலை, கணக்கு என்று நாட்டை நடத்திய படிப்பெல்லாம் வீட்டிலும் பட்டறையிலும் நடந்தது, நெல் மானியம் இல்லாததால் கல்லில் ஏறவில்லை. சோற்றுக் கணக்கைப் பின்பற்றும் என் முறைக்கு இது ஒரு குறைதான். மானியம் வாங்கியவர்களை மட்டும்தான் அது காட்டும்.

முடிவுகளைப் பற்றிய கதைகளிலும் நிதானம் வேண்டும். நாளந்தாவை 1200 வாக்கில் பக்தியார் கில்ஜியின் படை அழித்தது என்பது பரவலான கருத்து. பாரசீக மொழியில் எழுதிய வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் விவரிக்கும் தாக்குதல் நாளந்தா மீது அல்ல, பக்கத்து உதந்தபுரி மடத்தின் மீது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மகதத்து மடங்கள் அந்தக் காலத்தில் பலமாக அடிபட்டன என்பதில் ஐயமில்லை. ஆனாலும் 1230களில் அங்கே போன திபெத்தியர் தர்மசுவாமி, தொண்ணூறு வயது தாண்டிய ராகுல ஸ்ரீபத்ரர் எழுபது மாணவர்களுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறார். ஒரே இரவில் எல்லாம் முடிந்தது என்று எழுதுகிறவர்கள் இந்த முதியவரை விட்டுவிடுகிறார்கள். கிராமங்கள் கைமாறிப் போனபின் எழுபது பேருக்காவது யார் சோறு போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அழிவின் கதை வேறு மாதிரி தெரியும்.

படி 7: நேரில் போங்கள்

நாளந்தாவுக்குப் போவதானால் பாட்னாவிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அன்றைக்குப் போகாதீர்கள். மூன்றாம் எண் கோயிலின் படிக்கட்டுகளில்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் நேரே முதலாம் எண் மடத்துக்குப் போங்கள். நடு முற்றம், சுற்றி அறைகள், கிணறு, கழிவுநீர்க் கால்வாய் என்று விடுதியின் உடம்பு அப்படியே தெரியும். சுமத்ராப் பக்கத்து மன்னன் பாலபுத்திரதேவன் இங்கே மடம் கட்ட, அதற்காக வங்காளத்துத் தேவபாலன் ஐந்து கிராமம் எழுதிக்கொடுத்த செப்பேடு 1921இல் இந்த மடத்தில்தான் கிடைத்தது. அந்த மானியம் எதற்கென்று படித்தால், துறவிகளின் உணவு, மருந்து, படுக்கை, நூல்களைப் படியெடுத்தல் என்று வரும்.

அவ்வளவு தூரம் இப்போதைக்கு முடியாது என்றால், விழுப்புரத்தில் தங்கி எண்ணாயிரம், திருபுவனை, பாகூர் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்குப் பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் மூன்று கிராமம் கொடுத்ததற்குச் செப்பேடு இருக்கிறது. ஊரில் இப்போது பார்க்கக் கிடைப்பது மூலநாதர் கோயில். கோயில்கள் மதியம் நடை சாத்தும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெளியும், ஆகவே காலையில் சீக்கிரம் போங்கள், ஒரு டார்ச் லைட்டும் எடுத்துப் போங்கள். சுவருக்கு நேரே அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து அடித்தால் எழுத்தின் பள்ளம் நிழலாக விழும். எழுத்து தெரியவேண்டும் என்று கல்லில் மாவோ எண்ணெயோ சுண்ணாம்போ தேய்க்க வேண்டாம். படம் எடுக்கும்போது வரிக்கு வரி கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று படும்படி எடுங்கள், வீட்டுக்கு வந்து அச்சிட்ட வாசகத்தோடு வைத்து "நாழி", "குறுணி", "கலம்" ஆகிய மூன்று சொற்களை மட்டும் முதலில் கண்டுபிடியுங்கள். பழைய எழுத்து தெரியாதவர்களுக்கும் இரண்டு மூன்று நாள் மாலையில் அது கைகூடும்.